தெஹிவளை வீட்டின் சாயமேற்றிய கொங்கிரீட் நிலம்: மூடுவதா, வைத்துக்கொள்வதா?

தெஹிவளையில் பழைய வீடொன்றை வாங்கிக் குடிபுகுந்த சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். முன்பு இருந்தவர்கள் விறாந்தைக்கும் வரவேற்பறைக்கும் சாயமேற்றிய கொங்கிரீட் நிலம் போட்டிருக்கிறார்கள். நடுவில் தேன்பழுப்பு, சுவரோரங்களில் பச்சை. மழை தொடங்கியதும் ஒரு மூலையில் வெள்ளையாகப் பூக்கிறது. பச்சை கறுத்துக்கொண்டு வருகிறது. வாசற்படி அருகே வெளிறிய வட்டங்கள் தெரிகின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி, வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம். வருகிறவர்கள் எல்லோரும் "டைல்ஸ் ஒட்டிவிடுங்கள்" என்கிறார்கள். ஒட்டலாமா, இந்த நிலத்தோடு வாழ முடியுமா என்பதுதான் கேள்வி.

டைல்ஸ் ஒட்ட வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் பாதிக்கு மேல் நிலத்தின் குறைகளே அல்ல, நிலத்துக்கு அடியிலிருக்கும் ஈரத்தின் குறைகள். அந்த ஈரத்தை டைல்ஸ் போக்காது. சில காலம் கண்ணுக்கு மறைக்கும், பிறகு டைல்ஸ் இடுக்குகளில் அதே வெள்ளைப் பூப்பாக வெளியே வரும். இத்தகைய நிலங்களைப் போடும் வேலையையும் பழுதுபார்க்கும் வேலையையும் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாயம் பிடிக்கவில்லை என்று நிலத்தை மூடியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஈரத்தைக் கண்டு பயந்து மூடியவர்கள்தான் அதிகம்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கொழும்பில் நிறமுள்ள சீமெந்து நிலம் புதிய சங்கதி அல்ல. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய வீடுகளுக்குள் போனால் சிவப்பு நிலம் காலடியில் குளிரும். அது இரும்பு ஒட்சைட்டுத் தூளைச் சீமெந்தோடு கலந்து, இரும்புக் கரண்டியால் அழுத்தி மெருகேற்றிய நிலம். மெழுகுப் பொலிஷைத் தடவி, பாதித் தேங்காய்ப் பொச்சைக் காலடியில் வைத்து, ஆளே ஆடி ஆடித் தேய்த்து மினுக்கினார்கள். நிறம் அந்தப் பூச்சுக் கனம் முழுவதிலும் இருப்பதால் மேலே கொஞ்சம் தேய்ந்தாலும் அடியிலும் அதே சிவப்புத்தான். பிற்காலத்தில் ஜெப்ரி பாவாவும் (1919–2003) அவர் வழிவந்த கட்டடக் கலைஞர்களும் மெருகேற்றிய சீமெந்தை வசதியான வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கொண்டுபோனார்கள். அதனால் "சீமெந்து நிலம் ஏழை வீட்டு நிலம்" என்ற பேச்சை உங்கள் உறவினர்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

உங்களுடையது அந்தச் சிவப்பு நிலம் அல்ல. திட்டுத்திட்டாக, மேகம் படர்ந்ததுபோல நிறம் மாறி மாறி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அமிலச் சாயத்தின் அடையாளம். வண்ணப்பூச்சாக இருந்தால் நிறம் ஒரே சீராக இருக்கும், தேய்ந்த இடத்தில் தோலாக உரியும். அமிலச் சாயம் என்பது ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த உலோக உப்பு. சீமெந்து இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்போடு அது வினைபுரிந்து, கொங்கிரீட்டின் மேல்தோலிலேயே நிறமாக மாறுகிறது. இரும்பும் மங்கனீசும் பழுப்பு, துரு, தேன் நிறங்களைத் தரும். பச்சையும் நீலப்பச்சையும் செம்பிலிருந்து வருபவை. நிறம் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை. கொங்கிரீட்டில் எந்த இடத்தில் சுண்ணாம்பு கூடுதலோ அங்கே நிறம் அழுத்தமாக விழும். அதனால்தான் இரண்டு வீட்டு நிலங்கள் ஒன்றுபோல் அமைவதில்லை, அதனால்தான் உடைத்து ஒட்டுப்போட்ட இடம் எப்போதும் தெரியும். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் குழாய் பழுதென்று யாராவது நிலத்தை வெட்ட வந்தால், சுவர் வழியாகக் குழாயைக் கொண்டுபோக முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

சாயத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கிறது. கடையில் சீலர் என்று கேட்டால் தருவார்கள். உண்மையில் நீங்கள் நடப்பது அதன்மேல்தான். தேய்வதும் கீறுவதும் மங்குவதும் வழுக்குவதும் அதுதான். அது நன்றாக இருக்கும்வரை சாயத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே இந்த நிலத்தைப் பராமரிப்பது என்றால் அந்தப் படலத்தைப் பராமரிப்பது என்றுதான் பொருள்.

அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். வாசல், சோபாவின் முன்பக்கம், குசினி வழி, யாரும் கால்வைக்காத அலுமாரி ஓரம் என்று நான்கைந்து இடங்களில் ஒவ்வொரு துளி தண்ணீர் விடுங்கள். துளி முத்தாக நின்றால் நல்லது. சில நிமிடங்களில் பரவி, நிலம் கறுத்து ஈரத்தை உறிஞ்சினால் அந்த இடத்தில் படலம் போய்விட்டது. அனேகமாக வாசலிலும் குசினி வழியிலும் போயிருக்கும், அலுமாரி ஓரத்தில் புதிதுபோல் இருக்கும்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான்.

கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் அதைவிடக் கனமாகவே பெய்யும். கடலோரத் தாழ்நிலத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். பழைய வீடுகள் பலவற்றில் நிலத்துக்கு அடியில் ஈரந்தடுக்கும் பொலித்தீன் விரிப்பே இல்லை. ஆக, கொங்கிரீட் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். வரும் தண்ணீர் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வரும். மேலே வந்ததும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெள்ளைப் பூப்பாகப் படியும்.

ஆனால் தெஹிவளைபோன்ற இடத்தில் ஈரம் காற்றிலிருந்தும் வரும். மழைக்குளிரில் நிலம் குளிர்ந்து கிடக்கும்போது ஜன்னலைத் திறந்தால், வெளியே இருக்கும் புழுங்கிய காற்று நிலத்தில் பட்டு வியர்த்துவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மருந்து வேறு வேறு. எது என்று கண்டுபிடிக்க ஒரு தடித்த, தெளிவான பொலித்தீன் துண்டு போதும். ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நிலத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் போகாதபடி டேப் ஒட்டி மூடுங்கள். குறைந்தது 16 மணிநேரம் அப்படியே விடுங்கள். இரவு முழுவதும் விட்டு, மறுநாள் மத்தியானம் பார்த்தால் சரி. பொலித்தீனுக்கு அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ அடியிலுள்ள நிலம் கறுத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேற்பக்கம் மட்டும் நனைந்து அடி காய்ந்திருந்தால் காற்றின் வேலை. வெள்ளை பூக்கும் மூலையில் ஒன்று, அறையின் நடுவில் ஒன்று என்று இரண்டு இடங்களில் செய்யுங்கள். மழை நாட்களில் செய்யுங்கள். வெயில் காலத்தில் செய்தால் பொய்யான நிம்மதிதான் கிடைக்கும்.

காற்றின் ஈரம் என்றால் மின்விசிறியும், மழை பெய்து ஓய்ந்த முதல் மணிநேரங்களில் ஜன்னலை மூடி வைப்பதும் போதும். தரை ஈரம் என்றால் வீட்டுக்கு வெளியே போங்கள். அந்த மூலைக்கு வெளிப்புறத்தில் கூரைப் பீலி உடைந்து தண்ணீர் சுவரடியில் கொட்டுகிறதா, பூச்சட்டிகள் சுவரோடு ஒட்டி நிற்கின்றனவா, முற்றத்துச் சீமெந்து வீட்டுப் பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் மூலைப் பூப்புக்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருந்தது. பீலியைச் சரிசெய்யும் செலவு டைல்ஸ் செலவில் ஒரு சிறு துண்டுகூட வராது.

வெள்ளையை எப்படி நீக்குவது? விரலால் தேயுங்கள். மாவாக விரலில் ஒட்டினால் அது உப்புப் பூப்பு. காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளிவிடுங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் உப்பில் ஒரு பங்கு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். விரலில் ஒன்றும் ஒட்டாமல், பால்போன்ற மங்கல் கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோல் தெரிந்தால் அது படலத்துக்குள் சிக்கிய ஈரம். அதைத் தேய்த்து நீக்க முடியாது. ஈரத்தின் வழியை அடைத்து, நிலத்தை நன்றாகக் காயவிட்ட பிறகுதான் படலத்தைத் திருத்த வேண்டும்.

பச்சை கறுப்பதும் இதே கதைதான். செம்பிலிருந்து வரும் பச்சை தொடர்ந்து ஈரம் பட்டால் கறுப்பாகவோ கருமண்ணிறமாகவோ மாறிவிடும். சுவரோரங்களில் பச்சையைப் போட்டவர் அழகுக்காகப் போட்டிருப்பார். ஆனால் பழைய வீட்டில் ஈரம் அதிகம் ஏறுவதும் சுவரோரத்தில்தான். கறுத்த பகுதி மீண்டும் பச்சையாகாது, எந்தத் திரவத்தாலும் வெளுக்க முயலாதீர்கள். ஈரம் நின்றபின் அந்த ஓரத்தை முழுவதுமாகக் கரும்பழுப்பாக்கி, ஒரு கரைபோல் ஆக்கிவிடுவது என் யோசனை. சேலைக்குக் கரை அமைவதுபோல அறைக்கும் அது பொருத்தமாகவே இருக்கும்.

வாசற்படியருகே வெளிறிய வட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருந்தீர்கள். கிட்டக் குனிந்து பாருங்கள். வட்டத்தின் ஓரம் சற்றுக் கூர்மையாக, நடு சொரசொரப்பாக, மணல் தெரிவதாக இருந்தால் அது தேசிக்காய். கண்ணூறு கழிக்கத் தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி வாசலின் இருபுறமும் வைக்கிறோம், புதுவீடு குடிபுகும்போது காலால் மிதித்து நசுக்குகிறோம். தேசிக்காய்ப் புளி சுண்ணாம்பைக் கரைக்கும். சாயம் இருப்பதே அந்தச் சுண்ணாம்புத் தோலில்தான். ஆகவே அது கறை படிந்த இடம் அல்ல, நிறமுள்ள தோல் கரைந்துபோன இடம். கழுவக் கழுவப் போகாததற்குக் காரணம் அதுதான். தண்ணீரில் கலக்கும் கொங்கிரீட் சாயத்தைச் சிறு தூரிகையால் மிக மெல்லியதாக, காயவிட்டுக் காயவிட்டுத் தொட்டு நிறத்தை நெருங்கச் செய்து, மேலே சீலர் பூச வேண்டும். முழுதாக மறையாது, ஆனால் தேடினால்தான் தெரியும் அளவுக்கு வரும். சடங்கை விட வேண்டியதில்லை. வெற்றிலை மட்டும் போதாது, அது சாற்றைத் தாங்காது. வெற்றிலைக்கு அடியில் சிறிய பித்தளைத் தட்டு ஒன்றை வையுங்கள்.

புளி என்றால் தேசிக்காய் மட்டுமல்ல. வினாகிரி, பழப்புளிக் கரைசல், எல்லாவற்றிலும் மோசமாகக் கழிவறை கழுவும் அமிலத் திரவம். ஹார்பிக் போன்றவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, குளியலறையைக் கழுவிய அதே மொப்பால் வரவேற்பறையைத் துடைத்தால் அன்றைக்கே நிலம் மங்கத் தொடங்கும். அவருக்கு இதை அன்பாக விளக்கி, இந்த நிலத்துக்கென்று தனி வாளியும் தனி மொப்பும் கொடுத்துவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள், நன்றாகப் பிழிந்த மொப், அவ்வளவுதான் தினசரிப் பராமரிப்பு. எறும்புக்காக மண்ணெண்ணெய் கலந்து துடைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மெழுகு பூசிய நிலத்தில் அது மெழுகைக் கரைத்துவிடும், எந்த நிலத்திலும் பிசுக்கை விடும். அமிலத் திரவத்தையும் குளோரினையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். அது நிலத்தை அல்ல, உங்கள் நுரையீரலைக் கெடுக்கும் நச்சுவாயு.

தண்ணீரைவிட இந்தப் படலத்துக்குப் பகை மணல். காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் ஒழுங்கைகளில் செருப்போடு மணல் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். மணலின் குவாட்ஸ் எந்தச் சீலரையும்விடக் கடினமானது. கதிரைக் காலுக்கு அடியில் ஒரு மணல் அகப்பட்டால் ஒவ்வொரு சாப்பாட்டு வேளைக்கும் ஒரு கீறல். வெளிவாசலில் கரடுமுரடான தும்புக் கால்மிதியும் உள்ளே துணிக் கால்மிதியுமாக இரண்டு போடுங்கள். கதிரை, கட்டில் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். முற்றம் கூட்டும் விறைப்பான தும்புத்தடியை உள்ளே கொண்டுவராமல், மென்மையான விளக்குமாற்றால் கூட்டுங்கள். அடியில் ரப்பர் வைத்த விரிப்புகள் வேண்டாம். ரப்பரின் சாறு படலத்தில் இறங்கி மஞ்சளாக்கும், ஈரத்தையும் அடைத்துவைக்கும். பருத்தி விரிப்போ பன்பாயோ போதும், அதையும் மழைக்காலத்தில் அடிக்கடி தூக்கி உலர்த்துங்கள்.

குத்துவிளக்கு எண்ணெய் சிந்தினால் உடனே ஒற்றி எடுங்கள். ஊறிவிட்டால் அப்பச்சோடாவைச் சவர்க்காரத் தண்ணீரில் களியாகக் குழைத்து, மேலே பூசி, பொலித்தீனால் மூடி, மறுநாள் வழித்தெடுக்க வேண்டும். ஒருமுறையில் போகாவிட்டால் திரும்பச் செய்யுங்கள். மஞ்சள் கறைக்கு அவசரப்படாதீர்கள், வெயில் படும் இடமாக இருந்தால் அது தானாகவே வெளிறும். வாழைக்குலையை மட்டும் வெறும் நிலத்தில் சாய்த்து வைக்காதீர்கள். அந்தக் கறை போகவே போகாது. தைப்பொங்கலுக்கு உள்ளே அரிசிமாக் கோலம் போடுவதில் எந்தக் கெடுதியும் இல்லை. பொங்கல் அடுப்பை விறாந்தையில் வைக்க வேண்டாம், செங்கல் அடுக்கினாலும் சூடு இறங்கிப் படலம் இளகிக் கொப்பளிக்கும். முற்றத்தில் வையுங்கள், அதுதானே முறையும்.

அம்மாவின் விஷயம். பளபளப்பான நிலம் வழுக்கும், மங்கலான நிலம் வழுக்காது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. வழுவழுப்பான படலம் எதுவாக இருந்தாலும் ஈரம் பட்டால் வழுக்கும், மெழுகு பூசினால் இன்னும் கூடும். ஆகவே உங்கள் வீட்டில் மெழுகே வேண்டாம். அடுத்த முறை சீலர் பூசும்போது, கடைசிப் பூச்சில் வழுக்கலைத் தடுக்கும் நுண்துகள்களைக் கலக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குப் பிடிப்பு இருக்கும். குளியலறை வாசலுக்கு இதை முதலில் செய்யுங்கள். முழங்கால் வலிக்கு இந்த நிலம் டைல்ஸைவிடக் கடினமும் அல்ல, மென்மையும் அல்ல. வீட்டுக்குள் அணியும் மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் மத்தியானம் அம்மா அந்த நிலத்தில் பாய் விரித்துச் சாய்ந்தால், இந்தக் குளிர்ச்சியை அவரே விட மாட்டார்.

மயிரிழை வெடிப்புகளுக்குப் பயப்பட வேண்டாம். கொங்கிரீட் உலரும்போது சுருங்குவது இயல்பு. வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் அது நீளவில்லை என்றால் விட்டுவிடலாம். காசுக்குற்றி விளிம்பு நுழையும் அகலமென்றால் நிரப்ப வேண்டும், கறையான் அந்த வழியாக மேலேறும்.

சீலரைப் புதுப்பிக்கும் நேரம் ஜனவரி முதல் மார்ச் வரை. கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அவை. அதற்குமுன் பழைய சீலர் என்ன வகை என்று தெரிய வேண்டும். முன்னைய உரிமையாளரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் மூலையில் ஒரு பஞ்சில் தின்னர் நனைத்து அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அக்ரிலிக். அசையாமல் இருந்தால் எபொக்சியோ பொலியூரித்தேனோ. அக்ரிலிக் என்றால் எனக்கு மகிழ்ச்சி. அது மெல்லியது, சில ஆண்டுகளில் தேயும், ஆனால் தேய்ந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசலாம், வேலை சுலபம். எபொக்சி பலமானது என்று கடைக்காரர் சொல்வது உண்மை. ஆனால் கீழிருந்து ஈரம் ஏறும் நிலத்தில் அந்தப் பலமே பகையாகிவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் படலத்தைத் தாள்தாளாக உரித்துவிடும். கட்டடச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் சீலர் வாங்கப் போகும்போது பழைய வகையையும் ஈரச் சோதனையின் முடிவையும் சொல்லிக் கேளுங்கள். எதை வாங்கினாலும் கதவுக்குப் பின்னால் ஒரு முழச் சதுரத்தில் பூசிப் பார்த்து, ஒரு வாரம் விட்டுவிட்டுத்தான் முழு அறைக்கும் போக வேண்டும். கனமாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே நல்லது.

பீலியைத் திருத்தி, முற்றத்துச் சரிவையும் சரிசெய்த பிறகு, அடுத்த மழைக்காலத்தில் பொலித்தீன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் அடியில் நீர் கோத்தால், மேலே படலமாக நிற்கும் சீலரை முழுவதும் நீக்கிவிட்டு, கொங்கிரீட்டுக்குள் ஊறிப்போய் ஆவியை வெளியே விடும் சைலேன் வகைச் சீலரைப் பூசலாம். பளபளப்புப் போய்விடும், நிறமும் ஒருபடி வெளிறும், ஆனால் மூலை பாலாக மங்காது, படலம் உரியவும் செய்யாது. அதற்குப் பிறகும் வீட்டார் டைல்ஸ்தான் வேண்டும் என்றால், வேலைக்கு வருகிற மேசன் சீலரின் மேலேயே பசையைத் தடவ விடாதீர்கள். பிடிக்காது, சில மாதங்களில் தட்டினால் வெற்றொலி கேட்கும். முழு நிலத்தையும் இயந்திரத்தால் உரசிச் சீலரை எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். நிலம் உயர்வதால் கதவுகளின் அடியையும் வெட்ட வேண்டிவரும், அதையும் சேர்த்து விலை கேளுங்கள்.